பாய்லர் இன்ஜினியர் ஏலம்

வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் கேக் வெட்டுவது எங்கள் பாமாயில் ஆலையின் வழக்கம். சின்ன வேலைக்காரன் என்றால் கடையில் வாங்கின வெறும் பட்டர் கேக். இன்ஜினியர் என்றால் மேலே கிரீமில் பெயர் எழுதியிருக்கும். குமரவேல் அண்ணனுக்கும் சன்னாசிக்கும் ஒரே கேக்கில் இரண்டு பெயரையும் நெருக்கி எழுதிவிட்டார்கள். ஒரு கேக் காசு கம்பெனிக்கு மிச்சம்.

நான் அந்த ஆலையில் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, பேர் திலகா. தஞ்சோங் காராங் போகிற ரோட்டில், செம்பனைக்கு நடுவே கறுப்புப் புகை தெரிந்தால் அதுதான் எங்கள் இடம். எந்தக் கூட்டம் நடந்தாலும் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. பெரிய மனிதர்கள் வாயிலிருந்து விழுகிற எதையும் ஒரு சொல் விடாமல் பொறுக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. பொறுக்கி முடித்துவிட்டு மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் சில நாள் குமட்டும்.

குமரவேல் அண்ணன் எங்கள் பாய்லருக்கு லைசன்ஸ் உள்ள இன்ஜினியர். இருபது வருடத்துக்கு மேலாக அந்த நீராவிச் சூட்டிலேயே வெந்தவர். சன்னாசி அவருக்கு அடுத்த இன்ஜினியர், அவர் மனைவியின் சொந்தத் தம்பி. புக்கிட் பெலிம்பிங்கில் அண்ணன் வீடும் என் வீடும் ஒரே வரிசை. அவர் மனைவி லோகேஸ்வரி அண்ணிக்கு முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும். ஊசியின் விலையைக் கேட்டால் இல்லாதவர்களுக்கும் வாதம் வந்துவிடும். கம்பெனி கொடுத்த மருத்துவக் கார்டுதான் அதைக் கட்டிக்கொண்டிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பேர் பதிந்திருக்கிறார்கள், முறை வர வேண்டும். ஊசி ஒரு தடவை தள்ளிப்போனால் அண்ணியால் ஒரு தேத்தண்ணி கோப்பையைக்கூடத் தூக்க முடியாது. அண்ணனுக்கு அந்த வேலை என்பது பாதி சம்பளம், பாதி அந்தக் கார்டு.

கேக் வெட்ட ஷா ஆலாம் தலைமையகத்திலிருந்து சிவநேசன் வந்திருந்தார். அவர் மனிதவள உருமாற்றத் தலைவர். ராவாங் பக்கம் ஒரு கோயிலுக்கும் தலைவர். இரண்டு தலைமையையும் ஒரே விபூதியில் சமாளிப்பவர்.

"சம்பளங்கிறது ஒரு அடிமைப் பழக்கம்" என்று ஆரம்பித்தார். "மாசக் கடைசியில கைய நீட்டுறோம். நான் இருபது வருஷமா அந்தப் பழக்கத்த விடணும்னு பாக்குறேன், முடியல. உங்க ரெண்டு பேருக்கும் கம்பெனி இன்னைக்கு விடுதலை குடுத்திருக்கு. இனிமே நீங்க பெர்மனன்ட் இல்ல, காண்ட்ராக்ட். தொழிலாளி இல்ல, முதலாளி."

அண்ணன் கையில் கேக் தட்டோடு கேட்டார். "அப்ப நாளைக்கு யாரு சார் பாய்லரப் பாக்குறது?"

"நீங்கதான்."

"அப்ப வேலைய விட்டு எடுத்தது?"

"வேலைய யாரு எடுத்தா? சம்பளத்ததான் எடுத்திருக்கோம் லா."

"நீங்களும் காண்ட்ராக்டுக்கு வர்றீங்களா சார்?"

சிவநேசன் பெருமூச்சு விட்டார். "யாராச்சும் ஒருத்தர் தியாகம் பண்ணி உள்ள இருக்கணும்ல" என்றார்.

நான் மினிட்ஸில் அப்படியே எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, தியாகம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் முதலாளி குமரவேல் ஆலை வாசலில் நின்றார். காவலுக்கு நிற்கிற நல்லசாமி அவர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் பந்தி பரிமாறின ஆள். பாவம், மேலிடத்து உத்தரவு. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "யாரப் பாக்கணும்ணே?" என்று கேட்டார்.

"பாய்லரப் பாக்கணும்."

"பாய்லர்கிட்ட அப்பாயின்மென்ட் இருக்கா?"

கிண்டல் இல்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிவிட்டு, வந்த காரணம் என்ற இடத்தில் நல்லசாமி 'சொந்த விஷயம்' என்று போட்டு உள்ளே விட்டார். அண்ணன் கழுத்தில் விசிட்டர் அட்டை ஆடிக்கொண்டிருக்க, அன்றைக்கும் பிரஷர் ஏற்றி, பழம் வேக வைத்து, எண்ணெய் எடுத்துக் கொடுத்தார். அந்த நாளுக்குக் கூலி என்ன என்று யாருக்கும் தெரியாது. ரேட் இன்னும் முடிவாகவில்லை.

ரேட் பேச வேண்டுமென்றால் முதலில் ஒப்பந்தக்காரராகப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பழைய முதலாளியிடமிருந்து நற்சான்று வேண்டும். பழைய முதலாளி இதே கம்பெனிதான். அண்ணன் ஷா ஆலாமுக்குப் போய், மூன்றாவது மாடியில் சிவநேசனிடம் நற்சான்று வாங்கினார். மனதைத் தொடுகிற நற்சான்று. அதைப் பதிவுக் குழுவிடம் கொடுக்க இரண்டாவது மாடிக்கு இறங்கினார். பதிவுக் குழுவுக்கும் தலைவர் சிவநேசன். அவர் லிஃப்டில் முன்னதாகவே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "யாரு எழுதினது இது? ரொம்பப் புகழ்ந்திருக்கே. ஆள் உங்களுக்கு வேண்டப்பட்டவரா?" என்று கேட்டார். கொஞ்சம் குறைத்து எழுதி வாங்கி வரச் சொல்லி மேலே அனுப்பினார். அண்ணன் ஏறினார். மேலே சிவநேசன் ஒரு வரியை அடித்துக் கொடுத்தார். கீழே சிவநேசன் முத்திரை குத்தினார். இதற்கு ஒரு நாள் போனது. கருமம் பிடித்த கட்டடத்தில் அந்த மனிதர் ஒருவர்தான் உழைக்கிறார் என்று நினைக்க வேண்டியதுதான்.

அடுத்தது ரேட். அண்ணன் ஒரு தாளில் கணக்குப் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். மாதச் சம்பளம் ஏழாயிரத்து எண்ணூறு ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி. இருபத்தாறால் வகுத்து, ஒரு நாளைக்கு முந்நூறு வெள்ளி என்று எழுதியிருந்தார். தோட்டத்து ரத்தம். மாதம் என்றால் இருபத்தாறு நாள் வேலைக்குப் பேர் போடுவது என்று பிறந்ததிலிருந்து காதில் விழுந்த கணக்கு அது.

"இருபத்தாறால வகுத்தா செத்தீங்கண்ணே" என்றேன். "லீவு நாளுக்குச் சம்பளம் கெடையாது. சேமநிதிக்குக் கம்பெனி போடுற பங்கு கெடையாது. போனஸ் கெடையாது. மில் மூடிக் கெடக்குற நாளுக்குக் காசு கெடையாது. அண்ணி ஊசி உங்க கையிலேருந்து. அத்தனையும் இந்த ஒத்த ரேட்டுக்குள்ள அடங்கணும். அறுநூத்தம்பது கேளுங்க. ஐந்நூறுக்குக் கீழ போனா அண்ணிக்கு ஊசி கெடையாது, அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

"அம்மாடி, அறுநூத்தம்பதா? அவ்வளவு கேட்டா திட்ட மாட்டாங்களா?"

"முதலாளிய யாருண்ணே திட்டுவா?"

திட்டினார்கள். ரேட் கூட்டத்தில் சிவநேசனுக்குப் பக்கத்தில் கன்சல்டன்ட் நித்தியா உட்கார்ந்திருந்தாள். புஞ்சாக் ஆலாமில் படித்து, அப்படியே கோலாலம்பூருக்கு ஏறிப்போன சின்னப் பெண். அறுநூத்தம்பது என்று திருத்தின தாளைச் சிவநேசன் ஊறிப்போன கருவாட்டைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கினார்.

"கணக்குப் போட்டிருக்கீங்க" என்றார், மனம் நொந்து. "இத்தன வருஷம் கூட இருந்தவர்கிட்ட இத நான் எதிர்பாக்கல. நம்பிக்கை இல்லாதவங்கதான் கணக்குப் போடுவாங்க."

"இல்ல சார், ஊசிச் செலவெல்லாம் இருக்கு" என்றார் அண்ணன்.

நித்தியா முன்னால் சாய்ந்தாள். "அங்கிள், இது ரிஸ்க் மேனேஜ்மென்ட். நோய் வர்றது, மெஷின் நிக்கிறது, மழைக்கு வேலை இல்லாமப் போறது, இதெல்லாம் ரிஸ்க். யாரால தாங்க முடியுமோ அவங்ககிட்ட ரிஸ்க்க குடுக்கணும். கம்பெனி ரொம்பப் பெருசு, அதுக்குக் கஷ்டப்பட்டு பழக்கமே இல்ல. நீங்க எஸ்டேட்ல வளந்தவங்க. யூ ஆர் யூஸ்ட் டு இட்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல வரிசையான பல். அவளை நான்கு மாதம் அண்ணியோடு தங்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதை மினிட்ஸில் எழுத முடியாது.

அப்புறம் சிவநேசன் விஷயத்துக்கு வந்தார். பாய்லருக்கு ஒரு இன்ஜினியர் போதும். அண்ணனும் சன்னாசியும் போட்டி போட்டு ரேட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் யார் ஆகக் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு வேலை. "இதுல பெரிய விஷயம் என்னன்னா, ஜெயிக்கிறவரோட குடும்பத்துக்கு மருத்துவக் கார்ட ஒரு வருஷம் நீட்டித் தர்றோம்" என்றார். அண்ணன் நிமிர்ந்தார். அறுநூத்தம்பது எழுதின தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏலம் எங்கள் ஆலை மண்டபத்தில் நடந்தது. வெளிப்படைத்தன்மை வேண்டுமாம், அதனால் பாய்லர் ஆட்கள், பட்டறை ஆட்கள் எல்லாரையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அத்தனை பேரும் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, ஒரே அம்மன் கோயிலுக்குத் தீமிதிக்கிறவர்கள். நித்தியா இரண்டு லேப்டாப்பில் ஏதோ ஒரு சாப்ட்வேரைத் திறந்து வைத்தாள். மழை கறுத்தது. எங்கள் பக்கம் மழை கறுத்தாலே இன்டர்நெட் லைன் போய்விடும். போய்விட்டது.

"பரவால்ல" என்று சிவநேசன் சட்டைக் கையை மடித்தார். "இது இல்லாம நடத்த எனக்குத் தெரியும்."

கேன்டீனிலிருந்து ஒரு தட்டும் எலுமிச்சம்பழமும் வரவழைத்தார். ஷிப்ட் மணியை மேசைமேல் வைத்துக்கொண்டார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். அந்த மனிதரின் குரலே மாறிவிட்டது.

"அம்மன் பேர்ல மொதக் கேள்வி. முந்நூறு வெள்ளி. முந்நூறுக்குக் கீழ யாரு?"

கோயிலில் திருவிழா முடிந்து அம்மன் சேலையையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடும்போது, முதல் கேள்வியை அம்மன் பேரில்தான் வைப்பார்கள். இங்கே அம்மனுக்கு எதற்குப் பாய்லர் வேலை என்று ஒருத்தனும் கேட்கவில்லை. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி பேரைச் சொல்லி ஆள் வயிற்றில் அடிப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

அண்ணன் இருநூத்தித் தொண்ணூறு என்றார். சன்னாசி இருநூத்தி எண்பது என்றான். இப்படியே இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். நூற்றியெண்பதுக்கு வந்ததும் சன்னாசி மச்சானைத் திரும்பிப் பார்த்தான். அக்கா ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நான் விட்டுட்டேன் சார். மச்சானே எடுத்துக்கட்டும்" என்று பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டான். நல்ல பிள்ளை. அப்போது அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"விட்டுக்குடுத்தவன் கெட்டுப்போறதில்ல" என்று சிவநேசன் மைக்கில் சொன்னார். "நூத்தியெண்பது, ஒரு தரம். நூத்தியெண்பது, ரெண்டு தரம்." மூன்றாவது தரம் வரவில்லை. மணியைத் தூக்கினவர் இறக்கி வைத்துவிட்டார். "போட்டி இல்லாம முடிச்சா ஆடிட்ல கேப்பாங்க. குமரவேல், இப்ப உங்களுக்கு எதிரி நீங்கதான். தன்னையே ஜெயிச்சவன்தான் பெரிய ஆளு. கீழ வாங்க."

"நான் சொன்னத நானே கொறைக்கணுமா சார்?"

"கார்டு வேணுமா வேணாமா?"

அண்ணன் தன்னோடு தானே போட்டி போட ஆரம்பித்தார். நூற்றைம்பது. நூற்றிருபது. ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குறைத்தார். அங்கே யாரும் இல்லை. ஐம்பதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மண்டபம் இழவு வீடு மாதிரி இருந்தது. நித்தியா மட்டும் ஒவ்வொரு தொகையையும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வெள்ளி" என்றார் அண்ணன்.

"அத மட்டும் எதுக்குப் பிடிச்சுவெச்சிருக்கீங்க?" என்று சிவநேசன் மெதுவாகக் கேட்டார்.

"சரி, சும்மா செய்றேன் சார்."

சிவநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதத்தான் சேவைன்னு சொல்றது" என்றார். முன்வரிசை கைதட்டியது. அதோடு முடிந்திருந்தால் ஊரில் நடக்கிற அநியாயத்தோடு இதுவும் ஒன்று என்று நான் எழுதி மூடியிருப்பேன். நித்தியா கையைத் தூக்கினாள்.

"சார், என் எக்செல் சைபர்ல நிக்காது. மைனஸும் எடுக்கும்."

"எடுக்குதுன்னா தடுக்க நாம யாரு?" என்ற சிவநேசன், வாய்ப் பழக்கத்தில் கோயில் மைக்கில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டார். "சைபர். சைபருக்கு மேல யாராச்சும் உண்டா? மேல யாரு?"

அந்த 'மேல' போதுமானதாக இருந்தது. அதுவரை தலையைத் தொங்கப் போட்டிருந்த கூட்டம் விழித்துக்கொண்டது. இறங்குகிற ஏலம் எங்கள் ஆட்களுக்குப் புரியாது. ஏறுகிற ஏலம் எங்கள் ரத்தத்தில் ஊறினது. அம்மன் முன்னால் பக்கத்தில் இருக்கிறவன் ஏற்றும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த திருவிழா வரைக்கும் ஊர் பேசும். நாற்காலிகள் நகர்ந்தன. பாய்லர் மேன் வாசு பின்னாலிருந்து ஒரு வார்த்தை விட்டான்.

"சன்னாசி, போன வருஷம் சேலை ஏலத்துலயும் மச்சானுக்குப் பயந்து இப்படித்தான் குந்திட்ட."

சிரித்தார்கள். சன்னாசி காது சிவந்தது. அக்காவுக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்த அதே பிள்ளை துள்ளி எழுந்தான்.

"பதினொன்னு."

"இருபத்தொன்னு" என்றார் அண்ணன். யோசிக்கவே இல்லை. அவரும் எழுந்து நின்றுவிட்டார்.

"முப்பத்தொன்னு."

"அம்பத்தொன்னு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இது நீங்க கட்டுற காசு. வேலையும் செஞ்சு காசும் நீங்க கட்டணும். உக்காருங்க" என்று கத்தினேன்.

"கிராணியம்மா, மினிட்ஸ் எழுதுறவங்க பேசக் கூடாது" என்றார் சிவநேசன். யார் காதில் விழுந்தது? ஒரு பக்கம் மச்சானுக்கு விசில், இன்னொரு பக்கம் தம்பிக்கு விசில். சன்னாசி தொண்ணூற்றொன்றில் நின்று மூச்சு வாங்கினான்.

"நூத்தியொன்னு" என்றார் அண்ணன், கழுத்து நரம்பு புடைக்க.

சன்னாசி உட்கார்ந்தான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஷிப்ட் மணி அடித்தது. அண்ணனுக்கு மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. த்தூ, அதைப் பார்க்கவா இந்த வேலைக்கு வந்தேன்.

"ஒரு நாளைக்கு நூத்தியொரு வெள்ளி வீதம், வேலை செய்ற நாளுக்கெல்லாம் கம்பெனிக்குக் கட்டணும்" என்று சிவநேசன் விளக்கினார். "பயப்படாதீங்க. கோயில் முறைதான். இன்னைக்கே எடுத்து வைங்கன்னு யாரும் கழுத்தப் பிடிக்க மாட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள கட்டி முடிங்க. முடிக்கிற அன்னைக்குக் கார்டு தொறந்துரும்."

"கார்டே ஒரு வருஷத்துக்குத்தானே சார்?" என்று கேட்டேன்.

"ஆமா. அந்த ஒரு வருஷமும் இன்னையிலேருந்துதான்" என்றார். தட்டைக் கேன்டீனில் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மழை விடும்வரைகூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

அண்ணன் ஓட்ட, அவர் காடியில்தான் வீடு திரும்பினோம். சன்னாசி பின்சீட்டில். தஞ்சோங் காராங் வயலெல்லாம் தண்ணீர் நிறைந்து கிடந்தது. மாலை அண்ணன் கழுத்தில்தான் இருந்தது, கழற்ற அவருக்குத் தோன்றவில்லை. பாதி வழியில் சன்னாசி "மச்சான்" என்றான். அண்ணன் "பேசாம வா" என்றார்.

லோகேஸ்வரி அண்ணி ஹாலில் உட்கார்ந்திருந்தார். மாலையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"யாரு ஜெயிச்சது?"

"நான்தான்."

"தம்பி எதுல நின்னான்?"

"தொண்ணூத்தொன்னுல. நான் நூத்தியொன்னு கேட்டேன்."

அண்ணி சிரித்தார். தம்பி முன்னாலேயே, கொஞ்சம்கூட மறைக்காமல் பெருமையாகச் சிரித்தார். "ஒரு நாளைக்கு நூத்தியொன்னு கொறைச்சல்தான். இருந்தாலும் கார்டு இருக்குல்ல" என்றார்.

அண்ணன் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நமக்கு வர்றது இல்ல லோகா. நாம கட்டுறது. கட்டி முடிச்சாத்தான் கார்டு."

சன்னாசி சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நிஜம்தான் என்று தலையாட்டினேன். அவர் அழுவார், இல்லை இரண்டு பேரையும் விளக்குமாற்றால் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நானும் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"யாரு பேர்ல ஆரம்பிச்சாங்க ஏலத்த?" என்று கேட்டார்.

"அம்மன் பேர்லதான்" என்றார் அண்ணன்.

அண்ணி மடங்காத விரல்களை ஒன்றாகச் சேர்க்கப் பார்த்துக் கும்பிட்டார். "அப்ப அது அம்மன் கடன்" என்றார். "வீட்டுல வெச்சுக்கக் கூடாதுங்க. மொதல்ல அதக் கட்டி முடிங்க. ஊசிய அப்புறம் பாத்துக்கலாம்."